ஆர்என்ஏ தரவில் மரபு மாறுபாடு: கேழ்வரகு ஓர் எடுத்துக்காட்டு

ஒரு செடியில் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கவே பெரும்பாலும் ஆர்என்ஏ வரிசையாக்கம் செய்கிறார்கள். அதே தரவில் மரபெழுத்து மாறிய இடங்களையும் தேடலாம். டிஎன்ஏவைத் தனியே படிக்கும் செலவு மிச்சம். ஆனால் தரவைப் பக்குவப்படுத்தாமல் தேடினால் பொய் மாறுபாடுகளே குவியும்.

பாரூர், ஓசூர் பக்கத்து மானாவாரிப் பயிரான கேழ்வரகு இதற்கு நல்ல சோதனைக்களம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பையூர் ஆராய்ச்சி நிலையம் ‘பையூர் 2’ என்ற ராகி ரகத்தைத் தந்தது. எல்லைக்கு அப்பால், பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் சைலஜா ஹிட்டல்மணி குழுவினர் எம்எல்-365 ரகத்தின் மரபுத்தொகுதியையும், ஈரம் குறைந்த நிலையில் எடுத்த ஆர்என்ஏ தரவையும் 2017இல் வெளியிட்டனர்.

இத்தகைய தரவில் மாறுபாடு தேட, முதலில் கருவி படித்துத் தந்த துண்டு வரிசைகளின் தரம் பார்த்து, வரிசையாக்கத்துக்காக நுனியில் சேர்த்த ஒட்டுவரிசைகளை நறுக்குவார்கள். அடுத்தது, துண்டுகளை மரபுத்தொகுதியோடு பொருத்துதல். முதிர்ந்த ஆர்என்ஏவில் இன்ட்ரான்கள் (மரபணுவின் இடைப்பகுதிகள்) நீங்கியிருப்பதால், ஒரே துண்டின் பாதி ஓர் எக்சானிலும் (எஞ்சும் பகுதி) மீதி தொலைவிலுள்ள இன்னொன்றிலும் உட்காரும். ‘ஸ்டார்’ மென்பொருளை இருமுறை ஓட்டுவது இதற்காகத்தான்: முதல் ஓட்டத்தில் கண்ட இணைப்பிடங்கள் இரண்டாவதற்கு வழிகாட்டும். பின்னர் நகல் துண்டுகளைக் குறித்துவிட்டு, ஜிஏடிகே கருவித்தொகுப்பைக் கொண்டு துண்டுகளை இணைப்பிடத்தில் வெட்டி, இன்ட்ரானுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைக் களைவார்கள். அந்த நுனிகள்தாம் இல்லாத மாறுபாட்டை இருப்பதாகக் காட்டுபவை. மனிதத் தரவில் அடுத்து வரும், ஒவ்வோர் எழுத்தின் தரமதிப்பையும் திருத்தும் படிக்கு, ஏற்கெனவே அறிந்த மாறுபாடுகளின் பட்டியல் வேண்டும். நம்பகமான பட்டியல் இல்லாத பயிர்களில் அந்தப் படியைத் தாண்டிப் போவதே நல்லது.

கேழ்வரகில் தலைவலி வேறு. அதன் 36 குரோமோசோம்கள் ஏ, பி என்ற இரு மூதாதை வழிகளிலிருந்து வந்தவை. பல மரபணுக்களுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரியான இணை உண்டு. ‘ஏ’ துண்டு ‘பி’ இடத்தில் பொருந்திவிட்டால், அங்கே இரண்டு எழுத்துகள் கலந்திருப்பதாகக் கணினி சொல்லும். கேழ்வரகோ பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வது. நிலைத்த ரகங்கள் எல்லாவற்றிலும் ஒரே இடம் கலப்பாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியது பொருத்தலைத்தான். 2023இல் கேஎன்இ 796-எஸ் என்ற கென்ய வகைக்கு, இரு வழிகளையும் பிரித்துக் காட்டும் குரோமோசோம் அளவிலான மரபுத்தொகுதி வரைவு வந்தபின் இச்சிக்கல் தணிந்தது. தீர்ந்துவிடவில்லை.

இன்னொரு வலை ஆர்என்ஏ திருத்தம். தாவரங்களின் பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் சைட்டோசின் யூராசிலாக மாற்றப்படுகிறது. டிஎன்ஏவில் இல்லாத இந்த மாற்றம் தரவில் மாறுபாடாகவே தெரியும். இலையில் இயங்காத மரபணுவின் மாறுபாடோ, இலையில் எடுத்த ஆர்என்ஏவில் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. வேரையும் கதிரையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும்.