குதிரை மசால்: நிலைத்து நிற்கும் இரகத்தைத் தேடிய வரலாறு

குதிரை மசால் என்பது பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுத் தீவனப் பயிர் ஆகும். இதன் தாவரவியல் பெயர் மெடிகாகோ சட்டைவா. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் லூசர்ன் என்றும் அமெரிக்காவில் அல்ஃபால்ஃபா என்றும் இது அழைக்கப்படுகிறது. ஈரானும் காக்கசஸ் மலைப்பகுதியும் சூழ்ந்த நிலப்பரப்பே இதன் தாயகமாகக் கருதப்படுகிறது. புரதச்சத்து மிகுந்த இப்பயிரைப் பசுந்தீவனமாக அறுத்துக் கொடுக்கலாம், உலர்த்திச் சேமிக்கலாம், கால்நடைகளை நேரடியாக மேயவும் விடலாம்.

ஒருமுறை விதைத்தால் பல ஆண்டுகள் பலன் தரும் என்பதே இதன் பெரும் சிறப்பு. ஆனால் அந்த ஆயுள் எல்லா இரகங்களுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கடுங்குளிர், நோய், பூச்சி, ஓயாத மேய்ச்சல் ஆகியவற்றால் செடிகள் ஒவ்வொன்றாக அழிந்து வயல் விரைவில் வெறுமையாகிவிடக்கூடும். இடைவெளிகளில் மீண்டும் அதே விதையைத் தூவிச் சரிசெய்வதும் கடினம். வளர்ந்த குதிரை மசால் செடிகளிலிருந்து மண்ணில் சேரும் பொருள்கள் அதன் இளங்கன்றுகளையே வளரவிடுவதில்லை. ஆகவே இரகத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு பல ஆண்டு இழப்பாக முடிகிறது.

கிரிம் இரகம்

1857ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாடன் பகுதியிலிருந்து வெண்டலின் கிரிம் என்னும் உழவர் அமெரிக்காவின் மின்னசோட்டா பகுதிக்குக் குடிபெயர்ந்தார். ஊரிலிருந்து சிறிதளவு குதிரை மசால் விதையையும் எடுத்துச் சென்று, கார்வர் மாவட்டத்தில் தம் நிலத்தில் விதைத்தார். மின்னசோட்டாவின் பனிக்காலம் அவரது சொந்த ஊரின் குளிரைவிடப் பன்மடங்கு கடுமையானது. செடிகளில் பெரும்பகுதி பனியில் மடிந்தது. கிரிம் பயிரைக் கைவிடவில்லை. தப்பிய செடிகளிலிருந்து விதை எடுத்து மீண்டும் விதைத்தார். இவ்வாறு ஆண்டுதோறும் செய்துவந்ததில், குளிரைத் தாங்கும் செடிகளின் வழித்தோன்றல்களே அவரது வயலில் எஞ்சின.

அண்டை உழவர்களும் அவ்விதையை வாங்கிப் பயிரிட்டனர். கிரிம் 1890இல் மறைந்தார். அதற்குப் பின்னரே மின்னசோட்டா பல்கலைக்கழகம் இந்தப் பயிரின் அருமையை உணர்ந்து ஆய்வு செய்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரிம் இரகம் அமெரிக்காவின் வட மாநிலங்களெங்கும் பரவியது.

வாடல் நோய்

குளிரை வென்ற கிரிம் இரகம் மற்றொரு பகையிடம் தோற்றது. 1920களில் அமெரிக்காவில் பாக்டீரியா வாடல் நோய் கண்டறியப்பட்டது. காயங்களின் வழியே உட்புகும் நுண்ணுயிரி, நீர் செல்லும் குழாய்களை அடைத்துச் செடியைக் குட்டையாக்கி, மெல்லக் கொல்லும். பல ஆண்டுகள் நிற்கவேண்டிய வயல்கள் மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே மெலிந்தன.

எதிர்ப்புத் திறன் மத்திய ஆசியாவிலிருந்து வந்த விதைகளில் கிடைத்தது. துருக்கிஸ்தான் பகுதி விதைகள் ஈரப்பதம் மிகுந்த கிழக்கு மாநிலங்களுக்குப் பொருந்தாதவை என முன்பு ஒதுக்கப்பட்டிருந்தன. 1910இல் இந்தியாவின் லடாக் பகுதியிலிருந்து பெறப்பட்ட விதையும் லடாக் என்ற பெயரிலேயே அங்குப் பயிரிடப்பட்டு வந்தது. இவற்றில் வாடலைத் தாங்கும் செடிகள் இருந்தன. அத்தகைய மூலங்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட ரேஞ்சர் இரகம் 1940களின் தொடக்கத்தில் வெளியிடப்பட்டது. கன்சாஸ் மாநிலத்தின் நாட்டு இரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பஃபலோ இரகமும் அக்காலத்திலேயே வெளிவந்தது. ஓரிடத்தில் பயனற்றது எனத் தள்ளப்பட்ட விதை, வேறொரு தேவை எழும்போது பயிரையே காப்பாற்றக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

ஹன்டர் ரிவர் இரகமும் 1977ஆம் ஆண்டும்

ஆஸ்திரேலியாவில் வரலாறு வேறு வழியில் சென்றது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹன்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து பயிரிடப்பட்டு வந்த குதிரை மசால், ஹன்டர் ரிவர் என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. உழவர்கள் தலைமுறைகளாக விதை எடுத்து வளர்த்த இந்த இரகம், ஆற்றங்கரை வண்டல் நிலத்தில் உலர்தீவனத்துக்கும் மானாவாரி நிலத்தில் ஆட்டு மேய்ச்சலுக்கும் ஏற்றதாக இருந்தது. வேறு இரகம் தேவை என்ற எண்ணமே பெரும்பாலும் எழவில்லை.

1977இல் புள்ளி அசுவினி என்னும் பூச்சி ஆஸ்திரேலியாவில் முதன்முறையாகக் காணப்பட்டது. இப்பூச்சி 1954இலேயே அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் தோன்றிப் பெரும் சேதம் விளைவித்திருந்தது. இது சாற்றை உறிஞ்சும்போது உமிழ்நீருடன் நச்சையும் செலுத்தும். இலைகள் மஞ்சளாகி உதிரும், இளஞ்செடிகள் மடியும். அதே ஆண்டில் நீலப்பச்சை அசுவினியும் நுழைந்தது. ஹன்டர் ரிவர் இரகத்துக்கு இவ்விரண்டையும் எதிர்க்கும் திறன் இல்லை. நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரே இரகம் இருந்ததால், ஒரு வயலின் பலவீனம் எல்லா வயல்களின் பலவீனமாக இருந்தது.

அமெரிக்காவில் உருவான எதிர்ப்பு இரகங்கள் அவசரமாக இறக்குமதி செய்யப்பட்டன. அசுவினியைத் தாக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகளும் கொண்டுவரப்பட்டன. ஆனால் வறண்ட அமெரிக்க மேற்குப் பகுதிக்கென உருவான இரகங்கள் பல, குயின்ஸ்லாந்தின் ஈரமான களிமண் நிலங்களில் நீடிக்கவில்லை. அசுவினிக்குத் தப்பிய செடிகளை ஃபைட்டோப்தோரா வேரழுகலும் கொலெட்டோட்ரிக்கம் என்னும் பூஞ்சையால் வரும் தண்டடி அழுகலும் அழித்தன. இதன் பின்னரே உள்ளூர் மண்ணையும் நோய்களையும் கருத்தில் கொண்டு சைரிவர், ட்ரைஃபெக்டா, சீக்வெல் போன்ற இரகங்கள் ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டன.

மேய்ச்சலைத் தாங்கும் இரகங்கள்

அறுவடையைத் தாங்கும் செடி மேய்ச்சலையும் தாங்கும் என்று கொள்ள முடியாது. அறுவடைக்குப் பின் செடிக்கு ஓய்வு கிடைக்கிறது. அப்போது வேரில் மாவுச்சத்து மீண்டும் சேர்கிறது. ஓயாது மேயும் கால்நடைகளோ புதிய துளிர்களை உடனுக்குடன் கடித்துவிடுவதால் வேரின் சேமிப்பு தீர்ந்து செடி இறக்கிறது.

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்திலுள்ள ஸ்விஃப்ட் கரண்ட் ஆய்வு நிலையம், மண்ணுக்கடியில் படர்ந்து புதிய தளிர்களை விடும் வேர்களைக் கொண்ட ராம்ப்லர் இரகத்தை 1955இல் வெளியிட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் மாடுகளையே தேர்வாளர்களாக ஆக்கினர். தொடர்ந்து மேயவிட்ட வயலில் எஞ்சிய செடிகளைத் தேர்ந்தெடுத்து ஆல்ஃபாகிரேஸ் என்னும் இரகத்தை உருவாக்கி 1990 அளவில் வெளியிட்டனர். கிரிம் வயலில் பனி செய்த வேலையை இங்கு மாடுகள் செய்தன.

இரகத் தேர்வின் அளவுகோல்கள்

குதிரை மசால் அயல் மகரந்தச் சேர்க்கை உடைய பயிர். ஆகவே ஓர் இரகத்தின் எல்லாச் செடிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அமெரிக்க முறைப்படி, ஓர் இரகத்தில் 50 விழுக்காட்டுக்கு மேற்பட்ட செடிகள் ஒரு நோயை எதிர்த்தால் அது 'உயர் எதிர்ப்பு' வகை. 31 முதல் 50 விழுக்காடு எனில் 'எதிர்ப்பு' வகை. எதிர்ப்பு இரகம் என்பதற்கு நோயே வராது என்பது பொருளன்று. வயல் அடர்த்தி குறையாமல் நிற்கப் போதுமான செடிகள் பிழைக்கும் என்பதே பொருள்.

குளிர்கால வளர்ச்சி மற்றொரு அளவுகோல். இது 1 முதல் 11 வரையான எண்களால் குறிக்கப்படுகிறது. குறைந்த எண் கொண்டவை குளிர்காலத்தில் உறங்குபவை. தண்டடி அகன்று தாழ்ந்திருப்பதால் மேய்ச்சலைத் தாங்கிப் பல ஆண்டுகள் நிற்கும். உயர்ந்த எண் கொண்டவை குளிர்காலத்திலும் தீவனம் தரும். நிமிர்ந்து வளர்வதால் அறுவடைக்கு எளியவை, ஆனால் பொதுவாக ஆயுள் குறைந்தவை. இரண்டு பயன்களையும் நாடுவோர் பெரும்பாலும் நடுத்தர எண்களைத் தேர்கின்றனர். எந்த இரகமாயினும் சில நாள் மேய்ச்சலுக்குப் பின் ஐந்து, ஆறு வாரம் ஓய்வளிக்கும் சுழற்சி முறையே ஆயுளை நீட்டிக்கிறது.

முடிவுரை

கிரிம், ஹன்டர் ரிவர் ஆகிய இரண்டும் தம் காலத்தில் நிலைத்து நிற்கும் இரகங்களாகவே போற்றப்பட்டன. ஒன்றை வாடல் நோயும் மற்றொன்றை அசுவினியும் வீழ்த்தின. ஓர் இரகம் எந்தச் சோதனையைக் கடந்து வந்ததோ அதற்கு மட்டுமே அது உறுதி தருகிறது. எனவே விதை வாங்குமுன், தம் நிலத்தில் செடியைக் கொல்வது குளிரா, தேங்கும் நீரா, பூச்சியா, மேய்ச்சலா என்று அறிந்துகொள்வதே இரகத் தேர்வின் முதற்படி ஆகும்.