ஜிராஹாவும் கர்ஹாவும்: ஆறாத புண்ணைத் தேடிய வரலாறு

அரபு மருத்துவ நூல்களைப் பயில்வோர் ஜிராஹா, கர்ஹா என்னும் இரு சொற்களை அடிக்கடி எதிர்கொள்வர். அகராதியை மட்டும் நம்பினால் இரண்டும் புண் என்றே பொருள்படும். ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' நூலில் இவற்றைப் பிரித்துக் காட்டுகிறார். உடலில் இணைந்திருந்தது பிரிவதை அவர் 'தஃபர்ருகுல் இத்திஸால்' என்பார். அப்பிரிவு எலும்பில் நேர்ந்தால் முறிவு; தசையில் புதிதாக நேர்ந்தால் ஜிராஹா; அதுவே சீழ் கொண்டுவிட்டால் கர்ஹா. பாடம் நடத்தும்போது இவ்விடத்தில் நாம் சற்று நின்றுவிடுவதுண்டு. ஜிராஹா ஏன் சிலரிடம் ஆறிவிடுகிறது, சிலரிடம் கர்ஹாவாகித் தங்கிவிடுகிறது?

குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி (மறைவு கி.பி. 1013 அளவில்) இதனைக் கைவினையாளரின் கண்கொண்டு நோக்கினார். முப்பது பகுதிகள் கொண்ட அவரது 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்துக்குரியது. குடலில் ஏற்பட்ட காயத்தின் விளிம்புகளைப் பெரிய எறும்புகளின் தாடைகளால் கவ்வச் செய்து, பின் உடலைக் கத்தரித்துவிடும் முறையை அதில் காணலாம். விளிம்புகளைச் சேர்த்துவிட்டால் மீதியை உடலே பார்த்துக்கொள்ளும் என்பது அக்கால மருத்துவரின் பட்டறிவு. உடல் அதை எவ்வாறு செய்கிறது என்பதற்கோ, உடற்சாறுகளின் சீரும் கேடும் என்பதற்கு அப்பால் அவர்களிடம் விடை இல்லை.

விடையின் ஒரு பகுதி, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1993இல் அமெரிக்காவில் விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ஆகிய இருவரின் குழுக்களும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவொன்றை ஆராய்ந்தன. அதன் 'லின்-4' என்னும் மரபணு புரதம் எதனையும் ஆக்கவில்லை. சுமார் 22 எழுத்துகளே கொண்ட சிறு ஆர்.என்.ஏ. துணுக்கு ஒன்றையே அது ஆக்கியது. அத்துணுக்கு மற்றொரு மரபணுவின் செய்தியுடன் ஒட்டிக்கொண்டு, அச்செய்தி புரதமாவதைத் தடுத்தது. புழுவுக்கே உரிய விந்தை என்று உலகம் அதனை ஒதுக்கிவைத்தது. 2000ஆம் ஆண்டில் ரவ்கனின் குழு 'லெட்-7' என்னும் மற்றொன்றை மனிதரிடமும் கண்ட பின்னரே நிலைமை மாறிற்று. மறு ஆண்டில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பெயர் வழக்கில் வந்தது. 2024இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தோலுக்கு வருவோம். காயம் பட்டதும் குருதி உறைகிறது, அழற்சி தோன்றுகிறது, பின்னர் தோலணுக்கள் பெருகி விளிம்பிலிருந்து ஊர்ந்து மூடுகின்றன. அழற்சி உரிய காலத்தில் அடங்கி, பெருக்கத்துக்கு வழிவிட வேண்டும். அவ்வாறு வழிவிடாத காயமே நாட்பட்ட புண்ணாகிறது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வு இத்திருப்புமுனையில் 'மிர்-132' என்னும் துணுக்கைக் கண்டது. காயத்தின் விளிம்பில் அது மிகுந்து, அழற்சியைத் தணித்து, தோலணுக்களைப் பெருகத் தூண்டுகிறது. எலிகளில் அதனைத் தடுத்தபோது காயம் ஆறத் தாமதித்தது. எல்லாத் துணுக்கும் நன்மை செய்வதில்லை. குருதியோட்டம் குன்றிய புண்ணில் 'மிர்-210' மிகுந்து தோலணுக்களின் பெருக்கத்தை நிறுத்துவதை 2010இல் வேறொரு குழு காட்டியது.

இத்தகைய செய்தி வெளிவந்ததும், இது நம் முன்னோர் நூலில் அன்றே உண்டு எனப் பறைசாற்றுவோர் நம்மிடையே உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. இப்னு ஸீனா உயிரணுவைக் கண்டவரல்லர். நுண்ணோக்கி அவர் மறைந்து ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலான பின்னரே வந்தது. அறியாததை அவர்மேல் ஏற்றுவது, அவர் உண்மையில் செய்த நுட்பமான பகுப்பை மறைத்துவிடும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. கொண்ட புண் மருந்து எதுவும் இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. நீரிழிவுக்காரரின் பாதப் புண்ணுக்கு இன்றும் அழுகிய தசையை அகற்றுவதும், பாதத்தில் பாரம் விழாது காப்பதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுமே முதற் சிகிச்சை. இவற்றுள் முதலாவதை அஸ்ஸஹ்ராவியும் அறிவார்.