பெற்றோர் கையால் ஒரு சான்றிதழ்: அமெரிக்க வீட்டுவழிக் கல்வி நிறைவு விழாவின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்வியாண்டு முடியும் மே, ஜூன் மாதங்களில், பன்னிரண்டாம் வகுப்பை நிறைவுசெய்யும் மாணவர்க்குப் பள்ளிகள்தோறும் விழா எடுப்பது நெடுநாள் வழக்கம். அதே மாதங்களில், எந்தப் பள்ளியின் பெயரையும் தாங்காத மற்றொரு வகை நிறைவு விழாவும் தேவாலயக் கூடங்களிலும் மாநாட்டு அரங்குகளிலும் நடைபெறுகிறது. அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்த இளைஞரின் பெயர் அழைக்கப்பட்டதும் அவரோடு அவருடைய தாயும் தந்தையும் மேடையேறுகின்றனர். பல்லாண்டுகள் வீட்டிலேயே கற்பித்த அவர்களே நிறைவுச் சான்றிதழைத் தம் கையால் வழங்குகின்றனர். உற்றாரும் அயலாரும் திரண்டு வாழ்த்தும் இவ்வழக்கம் கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் பரவியதாகும். அதற்கு முந்தைய தலைமுறையில், இத்தகைய குடும்பங்கள் பல தம் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் தெருவில் காணப்படுவதற்கே அஞ்சி வாழ்ந்தன. ஆகவே இவ்விழாவின் வரலாறு என்பது, சட்டத்துக்கு மறைந்திருந்த ஒரு கல்விமுறை ஊரறிய வெளிவந்த வரலாறே.

விழாவின் புறவடிவம் பள்ளிகளைவிடப் பழைமையானது. மத்திய கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் சமயத் துறவியரும் மாணவரும் அணிந்த நீண்ட அங்கியே பட்டமளிப்பு உடையாக நிலைபெற்றது. அமெரிக்க மண்ணில் ஹார்வர்டு கல்லூரி தன் முதல் பட்டமளிப்பை 1642இல் ஒன்பது மாணவர்க்கு நடத்தியது. அங்கியின் வெட்டு, நிறம் முதலியவற்றை வரையறுத்த பல்கலைக்கழகப் பொது விதி 1895இல் உருவாயிற்று. ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்டு எல்கர் 1901இல் இயற்றிய அணிவகுப்பு இசை, 1905இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு பட்டம் அளித்தபோது இசைக்கப்பட்டது. பின்னர் அது நாடெங்கும் பட்டமளிப்பு ஊர்வலத்துக்குரிய இசையாயிற்று. உயர்நிலைப் பள்ளிகள் இவற்றைக் கல்லூரிகளிடமிருந்து பெற்றன. வீட்டில் பயின்றோர் பள்ளிகளைப் பார்த்துப் பெற்றனர்.

குடியேற்றக் காலத்தில் எழுத்தும் எண்ணும் பெரும்பாலும் வீட்டிலேயே கற்பிக்கப்பட்டன. மாசசூசெட்ஸ் மாநிலம் 1852இல், எட்டு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆண்டுக்குப் பன்னிரண்டு வாரமேனும் பள்ளி செல்ல வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 1918இல் மிசிசிப்பியும் சேர்ந்தபோது கட்டாயப் பள்ளி வருகைச் சட்டம் இல்லாத மாநிலமே இல்லை என்றாயிற்று. ஆலைகளிலும் வயல்களிலும் உழன்ற குழந்தைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்த நற்பணி இச்சட்டங்களுக்கு உண்டு. எனினும், பெற்றோர் தாமே கற்பிப்பது என்னும் பழைய வழக்கம் இவற்றால் ஐயத்துக்குரியதாகிப் பல மாநிலங்களில் தண்டத்துக்குரிய குற்றமாகவும் ஆனது. இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1950இல், முறையாகக் கற்பிக்கும் வீடும் தனியார் பள்ளியே என்று தீர்ப்பளித்தது அக்காலத்துக்கு அரிதான விலக்காகும்.

மறுமலர்ச்சி இரு வேறு திசைகளிலிருந்து வந்தது. ஆசிரியராகப் பணியாற்றிய ஜான் ஹோல்ட், குழந்தைகள் பள்ளியில் ஏன் தோற்கின்றனர் என்பதை ஆராய்ந்து 1964இல் நூல் எழுதிப் புகழ்பெற்றவர். பள்ளிகளைத் திருத்த இயலாது என்ற முடிவுக்குப் பின்னர் வந்து, 1977இல் வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கென்றே பாஸ்டனிலிருந்து ஓர் இதழைத் தொடங்கினார். ரேமண்ட் மூர், டாரதி மூர் இணையரோ, சிறுவரை இளவயதில் முறைசார் கல்விக்கு உட்படுத்துவது தீங்கு என்று 1975இல் வெளிவந்த நூலில் வாதிட்டனர்; கிறித்தவ வானொலி நிகழ்ச்சிகள் வழியே அவர்களுடைய கருத்து பழைமைப் பற்றுள்ள சமயக் குடும்பங்களிடையே வேகமாகப் பரவியது. விடுதலை உணர்வும் சமய உணர்வும் கொண்ட இவ்விரு சாராரும் வேறெதிலும் ஒன்றுபடாதவர்கள். பிள்ளையின் கல்விக்குப் பெற்றோரே முதற்பொறுப்பு என்ற ஒரு கருத்தே அவர்களை இணைத்தது.

அக்காலத்தின் அச்சம் பொய்யான அச்சமன்று. பள்ளியிலிருந்து பிள்ளைகள் தப்புவதற்கான வழிகளைப் பற்றி 1976இல் எழுதிய ஹோல்ட், அடிமைகளைத் தெற்கிலிருந்து மறைவாக வெளியேற்றிய பழைய வலையமைப்பின் பெயரையே அதற்கு ஆண்டார். யூட்டா மாநிலத்தில் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய ஜான் சிங்கர் என்பவர், அவ்வழக்கோடு பலதார மணப் பூசலும் சேர்ந்து முற்றிய நிலையில், 1979 ஜனவரியில் அவரைக் கைதுசெய்ய வந்த காவலர் சுட்டதில் உயிரிழந்தார். மறுபுறம், ஆமிஷ் என்னும் எளிய வாழ்க்கை நெறிச் சமயத்தார் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த வழக்கில், தலா ஐந்து டாலர் தண்டம் பெற்ற விஸ்கான்சின் பெற்றோரின் பக்கம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 1972இல் நின்றது. 1983இல் மைக்கேல் ஃபாரிஸ் முதலிய வழக்கறிஞர்கள் வீட்டுவழிக் கல்விக்கான சட்டப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். டெக்சாஸில் 1985இல் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 1994இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் பெற்றோருக்குச் சாதகமாக முடிந்தது. கற்பிப்பவர் ஆசிரியர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி சமயக் காரணத்தால் அதை மறுப்போரைக் கட்டுப்படுத்தாது என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. அதற்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் வீட்டுவழிக் கல்வி சட்டப்படியானதாயிற்று.

சட்ட ஏற்பு வந்த பின்னும் ஒரு சிக்கல் எஞ்சியது. வீட்டில் பயின்றவர் படிப்பை முடித்துவிட்டார் என்று யார் சொல்வது? பல கல்லூரிகள் ஜி.இ.டி. எனப்படும் பள்ளிநிகர் தேர்வைக் கேட்டன. போரிலிருந்து திரும்பும் வீரருக்கென 1942இல் உருவான அத்தேர்வு, பள்ளியை இடையில் விட்டவருக்கு உரியதாகவே மக்கள் மனத்தில் பதிந்திருந்ததால், பன்னிரண்டு ஆண்டு முறையாகப் பயின்ற பிள்ளையை அதற்கு அனுப்புவதைப் பெற்றோர் இழிவாகவே கருதினர். கலிஃபோர்னியாவின் மலைப்பண்ணை ஒன்றில் ஆடு வளர்த்துக்கொண்டே வீட்டில் பயின்ற கிராண்ட் கோல்ஃபாக்ஸ் 1983இல் ஹார்வர்டில் சேர்ந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டு, அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. 1998இல் திருத்தப்பட்ட உயர்கல்விச் சட்டம், வீட்டுவழியில் மேல்நிலைக் கல்வியை முடித்தோர் அத்தகைய தேர்வின்றியே நடுவண் அரசின் கல்வி நிதியுதவி பெற வழிசெய்தது. பெற்றோர் கையொப்பமிட்ட தாளுக்கு அரசின் கண்ணில் பொருள் பிறந்தது அப்போதுதான். அதைப் பலரறிய வழங்கும் விழாக்கள் பெருகியதற்கும் இதுவே தக்க சூழல்.

வர்ஜீனியா, ஃபுளோரிடா முதலிய மாநிலங்களில் மாநில அளவிலான பெற்றோர் சங்கங்களே விழாவை நடத்துகின்றன. சிற்றூர்களிலோ ‘கோ-ஆப்’ எனப்படும் அமைப்பு, அதாவது வேதியியலை ஒரு தாயும் இலத்தீனை மற்றொருவரும் பலர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கற்பிக்கும் குடும்பக் கூட்டு, அப்பொறுப்பை ஏற்கிறது. பிள்ளையின் ஓவியங்கள், விருதுகள், படித்த நூல்கள், குழந்தைப் பருவப் படங்கள் ஆகியவற்றைப் பரப்பிய மேசை ஒவ்வொரு குடும்பத்துக்கும் அமைக்கப்படுவதுண்டு. பெற்றோர் பிள்ளையைப் பற்றிச் சில சொற்கள் பேசுவதும், பிள்ளை பெற்றோருக்கு மலர் கொடுப்பதும், சமயக் குழுக்களில் மூத்தோர் தலைமீது கைவைத்து ஆசி கூறுவதும் வழக்கம். பள்ளியை மறுத்தவர்கள் பள்ளியின் அங்கியை ஏன் விரும்ப வேண்டும் என்று ஹோல்ட்டின் வழிவந்தோர் சிலர் கேட்பது நேர்மையான வினாவே; சான்றிதழ்களை ஐயத்தோடு நோக்கியவர் அவர். ஆயினும், நீண்ட காலம் ஊர்ப்பார்வையிலிருந்து விலகி வாழ்ந்த குடும்பத்துக்கு ஊரார் அனைவரும் அறிந்த அடையாளமே தேவைப்பட்டது என்பதை எண்ணினால், அந்த அங்கியைப் போலச்செய்தல் என்று தள்ளிவிட முடியாது.

விழாவின் ஒளி எல்லாப் பிள்ளைகளையும் எட்டியதில்லை. ஐடஹோவில் வளர்ந்த டாரா வெஸ்டோவர் தம் தன்வரலாற்றை 2018இல் வெளியிட்டபோது, பாடமும் பதிவும் இல்லாமலேயே வீட்டில் வளர்க்கப்பட்ட பிள்ளைகளின் நிலையை உலகம் அறிந்தது. அதற்கு முன்பே 2013இல், வீட்டில் பயின்று வளர்ந்தவர்கள் சிலர் பொறுப்பான வீட்டுவழிக் கல்விக்கான கூட்டமைப்பைத் தோற்றுவித்து, பிள்ளைகளின் நலனுக்கு அரசு மேற்பார்வை தேவை என்று வாதிட்டனர். பென்சில்வேனியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுதோறும் பிள்ளையின் பணிக்கோப்பைத் தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் பார்வையிட வேண்டும் என விதித்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம், அம்மதிப்பீட்டாளரும் ஒப்பமிட்ட பெற்றோர் சான்றிதழுக்குப் பொதுப்பள்ளிச் சான்றிதழுக்குரிய மதிப்பையே அளித்தது. பெற்றோரின் உரிமையையும் பிள்ளையின் எதிர்காலத்தையும் ஒருசேரக் காக்கும் ஏற்பாடுகளில் இதுவே சிறந்தது எனலாம்.

வீட்டில் பயில்வோர் தொகை 1999இல் சுமார் 8.5 லட்சமென்றும், 2012இல் ஏறத்தாழ 17.7 லட்சமென்றும் அரசு மதிப்பிட்டது. பெருந்தொற்று ஆண்டான 2020இல், வசந்த காலத்தில் 5.4 விழுக்காடாக இருந்த வீட்டுவழிக் கல்விக் குடும்பங்கள் இலையுதிர் காலத்தில் 11.1 விழுக்காடாக உயர்ந்தன; கறுப்பினக் குடும்பங்களிடையே அவ்வுயர்வு 3.3இலிருந்து 16.1 விழுக்காடாக இருந்தது. விழா மேடையில் நிற்கும் குடும்பங்களின் எண்ணிக்கையும் இனமும் விரிந்துவரும் இவ்வேளையிலும், டெக்சாஸ், ஐடஹோ முதலிய மாநிலங்களில் பிள்ளைக்கு வீட்டில் கற்பிப்பதை எந்த அரசு அலுவலகத்திலும் பதிவுசெய்ய வேண்டியதில்லை.