நெடுந்தீவுக் குதிரைகளும் பயணிகளும்

இலங்கையின் வடபகுதிச் சுற்றுலாவின் பெரிய ஈர்ப்புகளில் ஒன்று நெடுந்தீவின் காட்டுக்குதிரைகள். இவை இத்தீவுக்கு உரியவை அல்ல. போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகளை ஒல்லாந்தர் இங்கே இனப்பெருக்கம் செய்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய அதிகாரி நோலன் அவற்றைப் பராமரித்தார். வளர்ப்பு கைவிடப்பட்டபின் எஞ்சியவை தெற்குப் புல்வெளியில் தாமாகவே பெருகின.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் வெளியார் வருகை மிகக் குறைந்திருந்தது. போர் முடிந்தபின், 2015 ஜனவரியில் ரயில் மீண்டும் துறைமுக ஊரான காங்கேசன்துறையைத் தொட்டது. அதே ஆண்டு ஜூனில் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவானது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் வந்தது. துறைமுகத்தில் இறங்குவோர் யாழ்ப்பாணம், புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் சென்று நெடுந்தீவுக்குப் படகேறுகின்றனர்.

மீன்பிடியும் பனையுமே பிழைப்பாயிருந்த தீவில், பயணிகளால் முச்சக்கரவண்டி ஓட்டுவோருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வருமானம் கிடைக்கிறது. குதிரைகளைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கும் அந்த வருமானம் வலுவூட்டுகிறது.

ஆனால் நெடுந்தீவில் நன்னீர் அரிது. கோடையில் குளங்கள் வற்றும்போது குதிரைகள் தாகத்தால் மடிந்ததுண்டு. அந்த நீரையே மக்களும் கால்நடைகளும் பயணிகளும் பங்கிட வேண்டும். படம் எடுப்பதற்காகக் குதிரைக் கூட்டத்தை நெருங்கி விரட்டுவது குட்டிகளுக்குக் கேடு. வீசப்படும் பிளாஸ்டிக்கும் அப்படியே. படகுகளை அதிகரிக்குமுன் குளங்களைத் தூர்வாருவதே முதல் தேவை.