தெருவே மேடை

திரையும் திண்டும் ஒளிவிளக்கும் இல்லாவிடில் நாடகம் ஏது என்று கேட்பார் உளர். அவர்கட்கு டில்லித் தெருக்களைக் காட்டுவோம் நாம்.

1973-இல் அங்கே இளைஞர் சிலர் 'ஜன நாட்டிய மஞ்ச்' என்ற குழுவைக் கண்டனர். 1975-இல் நெருக்கடி நிலை வந்தது, வாய்கள் பூட்டப்பட்டன. 1977-இல் பூட்டு உடைந்தது. ஆயின் பெருநாடகத்துக்குப் பொருளுதவத் தொழிற்சங்கங்களிடம் பணமில்லை. பணமில்லையேல் என்ன, தெரு இருக்கிறதே என்றனர் இளைஞர்!

காசியாபாத் ஆலையொன்றிலே தொழிலாளர் கேட்டவை இரண்டே: மிதிவண்டி நிறுத்த ஓரிடம், தேநீர் அருந்தச் சிற்றுண்டிச்சாலை. கிடைத்ததோ துப்பாக்கிக் குண்டு! அக்கொடுமையை 1978-இல் 'மெஷின்' எனும் குறுநாடகமாக்கினர். நடிகர்தம் உடல்களே இயந்திரமாயின. உழைப்பவன் நின்றால் இயந்திரம் நிற்கும் எனும் உண்மை ஏடறியாதார்க்கும் எட்டிற்று. 1979-இல் 'ஔரத்' நாடகம் பெண்ணின் துயர் பேசிற்று.

1989 சனவரி 1. டில்லியை அடுத்த சாகிபாபாத், ஜண்டாபூர். 'ஹல்லா போல்' நடக்கையிலே குண்டர்கள் தடியோடு பாய்ந்தனர். ராம் பகதூர் எனும் தொழிலாளி மாண்டார். குழுவைக் கண்டோருள் ஒருவரான சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிர்நீத்தார். வயது 34!

ஒப்பாரியோடு ஓய்ந்ததா? இல்லை. சனவரி 4, அதே இடம், அதே நாடகம். துணைவியார் மலயஸ்ரீ முன்னின்று நடித்தார். தடைபட்ட நாடகம் நிறைவுற்றது.

சாயம் பூசாச் சில முகங்களைக் கண்டு தடியேந்தியோர் அஞ்சியது ஏன்? தலைவிதி என்றிருந்தவன் நாடகம் கண்டபின் ஏன் என்று கேட்பான். அவ்வினா ஆதிக்கத்தின் அடித்தளத்தை அசைக்கும்.

தோழர்களே! கொட்டகைக்குக் காத்திராதீர். தெருமுனை அழைக்கிறது!