குறுந்தகடு வழி இயங்குதள இற்றைப்படுத்தல்

குறுந்தகடு வழி இயங்குதள இற்றைப்படுத்தல் என்பது, கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியபின் அதற்குரிய திருத்தங்களை (பேச்சு வழக்கில் 'அப்டேட்') இணையத்திலிருந்து இறக்காமல் தகட்டிலிருந்து நிறுவும் முறையாகும். இணைய வேகம் குறைவாக இருந்த 2000களில் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் கணினியைப் பாதுகாப்பாக மீள்நிறுவ இது முக்கிய வழியாக இருந்தது.

பின்னணி

நிறுவல் தகட்டில் இருப்பது, அந்தத் தகடு வெளியான நாளின் இயங்குதளம். அதன் பின்னர் கண்டறியப்பட்ட ஓட்டைகள் எதுவும் அதில் அடைக்கப்பட்டிருக்காது. ஆகவே பழைய தகட்டிலிருந்து நிறுவப்பட்ட கணினி, முதன்முதலாக இணையத்தில் இணையும்போதுதான் மிகவும் பாதுகாப்பற்ற நிலையில் இருக்கும்.

2003 ஆகத்து மாதம் பரவிய பிளாசுடர் புழு இதை உலகுக்கு உணர்த்தியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது. ஆனால் திருத்தத்தை இறக்க இணையத்தில் இணைய வேண்டும். இணைந்தால் திருத்தம் வந்து சேரும் முன்பே புழு நுழைந்துவிடும். 2004இல் பாதுகாப்பற்ற விண்டோசு கணினி ஒன்று இணையத்தில் தாக்கப்படாமல் இருக்கும் சராசரி நேரம் சுமார் 20 நிமிடங்கள் என்று சான்சு நிறுவனத்தின் இணையக் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது.

இணைய வேகம்

இந்திய அரசின் 2004ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என வரையறுத்தது. பி.எசு.என்.எல். நிறுவனம் 2005 சனவரியில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. அதற்கு முன் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசிவழி இணைப்பே இருந்தது.

விண்டோசு எக்சு.பி.யின் இரண்டாம் சேவைத் தொகுப்பு 2004 ஆகத்தில் வெளிவந்தது. அதன் முழு நிறுவல் கோப்பு சுமார் 266 மெகாபைட். 56 கிலோபிட் இணைப்பு இடையில் அறாமல் முழு வேகத்தில் இயங்கினாலும் அதை இறக்க சுமார் 11 மணி நேரம் ஆகும். 256 கிலோபிட்டில் இரண்டரை மணி நேரம் போதும்.

விண்டோசுக்கான தகடுகள்

2004 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் அடங்கிய குறுந்தகடு ஒன்றை இலவசமாக வழங்கியது. அதில் 2003 அக்டோபர் வரையிலான திருத்தங்களே இருந்தன. 2004 ஏப்ரல் இறுதியில் பரவிய சாசர் புழுவுக்கான திருத்தம் அந்த மாதம்தான் வெளியானது என்பதால், அந்தத் தகட்டால் சாசரைத் தடுக்க இயலவில்லை. எழுதப்பட்ட நாளிலேயே பழையதாகத் தொடங்குவது தகட்டு முறையின் அடிப்படைக் குறை.

இரண்டாம் சேவைத் தொகுப்பும் தகடாகக் கிடைத்தது. அத்தொகுப்பு விண்டோசின் தீச்சுவரை இயல்பாகவே இயங்கச் செய்ததால், புதிதாக நிறுவிய கணினிக்கு முதல் சில நிமிடங்களிலும் காப்புக் கிடைத்தது. நிறுவல் தகட்டுடன் சேவைத் தொகுப்பை முன்கூட்டியே கலந்து ஒரே தகடாக எழுதிக்கொள்ளும் வழக்கமும் பரவியது.

கட்டற்ற மென்பொருளும் காஞ்சிபுரமும்

இந்தியாவில் பிசி குவெசுட், டிசிட் போன்ற ஆங்கிலக் கணினி இதழ்கள் தம் பிரதிகளுடன் தகடுகளை வழங்கின. 2003இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃபார் யூ' இதழ் வழியாக லினக்ஸ் வழங்கல்கள் வாசகர்களை அடைந்தன. உபுண்டுவைத் தயாரிக்கும் கனோனிக்கல் நிறுவனம், கேட்டவர்களுக்கு அஞ்சலில் இலவசமாகத் தகடு அனுப்பியது. அச்சேவை 2011இல் நிறுத்தப்பட்டது.

இங்கு உரிமமே பெரிய வேறுபாடு. விண்டோசு நிறுவல் தகட்டைப் படியெடுத்து மற்றவருக்குக் கொடுப்பது உரிம மீறல். லினக்ஸ் தகட்டைப் படியெடுத்துப் பகிர உரிமமே அனுமதி தருகிறது. டெபியன் 3.1 (2005) மட்டும் 14 குறுந்தகடுகளாக வெளிவந்தது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ஒரு கணினி இறக்கிய பொதிகள் அதன் தேக்ககத்தில் சேமிக்கப்படும். 'ஆப்ட்-ஆன்-சிடி' என்ற கருவி அவற்றைத் தகட்டில் எழுதித் தரும். இதனால் நல்ல இணைப்புள்ள ஒரே ஒரு கணினியைக் கொண்டு இணைப்பில்லாத பல கணினிகளை இற்றைப்படுத்த முடிந்தது.

இத்தகைய பகிர்வுக்குப் பயனர் குழுக்கள் துணைநின்றன. சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழுவும், காஞ்சிபுரத்தின் பெயரில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் உருவாயின. பட்டுச்சேலையின் கரை, முந்தானை வடிவங்களை வரைதாளில் வரைந்து, சக்கார்டு அட்டைகளில் துளையிட்டுத் தறியில் ஏற்றிவந்த நகரில் கணினிவழி வடிவமைப்பும் நுழைந்திருந்தது. அப்படிப்பட்ட கணினி பழுதானால் சென்னை ரிச்சி தெருவுக்குச் செல்லச் சுமார் 75 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். ஊரிலேயே ஒருவரிடம் தகடு இருந்தால் அந்தப் பயணம் மிச்சம்.

பிற்காலம்

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் சி-டாக் உருவாக்கிய பாசு லினக்சும் வழங்கப்பட்டது. இணைய வேகம் கூடியதாலும் விரலிகள் மலிந்ததாலும் தகடுகளின் தேவை குறைந்தது. எக்சு.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றது.

தகடு மறைந்தாலும் முறை மறையவில்லை. இணைய இணைப்பில்லாத கணினிகளுக்கு இன்றும் வேறொரு கணினியில் இறக்கிய திருத்தங்கள் விரலியில் எடுத்துச் செல்லப்படுகின்றன.