ஒரு மத்தாப்பு இருந்திருந்தால்...

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? திருத்தங்கல் வரும்போதே ரோட்டோரம் பட்டாசுக் கடை போர்டுகள் ஆரம்பித்துவிடும். கந்தக பூமி! மத்தாப்பின் வெள்ளை வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அலுமினியம், மக்னீசியம் மாதிரியான உலோகத் தூள்!

இதே சமாச்சாரம் போர் விமானத்திலும் உண்டு. பெயர், ஃப்ளேர். தோளில் வைத்து ஏவும் சில ஏவுகணைகள், என்ஜினின் சூட்டை மோப்பம் பிடித்துத் துரத்தும். அப்போது பைலட் ஃப்ளேர்களைக் கொளுத்தி வெளியே விடுவார். மக்னீசியம் கலந்த மருந்து, தகதகவென்று எரியும். ஏவுகணை ஏமாந்து அதன் பின்னால் போய்விடும். கிட்டத்தட்ட நம்ம ஊர் மத்தாப்புதான்!

அந்த மத்தாப்பு இல்லாமல் வானத்தில் ஏறிய நாலு பேரின் கதை இது.

1999, கார்கில் போர். ஊடுருவல்காரர்கள் சிகரங்களில் உட்கார்ந்திருக்க, மே 26 அன்று நமது விமானப்படை தாக்குதலைத் தொடங்கியது. மறுநாளே இரண்டு போர் விமானங்களை இழந்தோம். என்ஜின் அணைந்து பாராசூட்டில் குதித்த நச்சிகேதா பாகிஸ்தானிடம் பிடிபட்டு, ஜூன் 3-ல் விடுதலையானார். அவரைத் தேடிப் பறந்த அஜய் அஹுஜா திரும்பவே இல்லை.

மே 28. இலக்கு, தோலோலிங். டிராஸ் ஊரையும் ஸ்ரீநகர் - லே நெடுஞ்சாலையையும் மேலிருந்து முறைக்கும் சிகரம். 152-வது ஹெலிகாப்டர் பிரிவின் எம்.ஐ.-17 ரக ஹெலிகாப்டர்கள் அணியாகக் கிளம்பின. எம்.ஐ.-17 அடிப்படையில் ஆட்களையும் சாமான்களையும் சுமக்கிற வண்டி. அதில் ராக்கெட்டுகளைப் பொருத்தி, சண்டைக்கு அனுப்பினார்கள். வேறு வழியில்லை!

அணியில் ஒன்றின் மீது ஸ்டிங்கர் ஏவுகணை பாய்ந்தது. அந்த ஹெலிகாப்டரில் ஃப்ளேர் இல்லை. உள்ளே இருந்த நால்வருமே பலி.

ஸ்டிங்கருக்கும் ஒரு பூர்வகதை உண்டு. அமெரிக்கத் தயாரிப்பு. ஆப்கானிஸ்தானில் சோவியத் ஹெலிகாப்டர்களை வீழ்த்த, 1986-ல் பாகிஸ்தான் வழியாக முஜாகிதீன்களுக்குக் கொடுக்கப்பட்ட ரகம். வல்லரசுகளின் சண்டைக்காக வந்த ஆயுதம், பதின்மூன்று வருஷம் கழித்து இந்தியர்களின் உயிரைக் குடித்தது.

அதற்குப் பிறகு ஹெலிகாப்டர்களைத் தாக்குதல் வேலையிலிருந்து விலக்கினார்கள். போர் விமானங்கள் ஏவுகணைக்கு எட்டாத உயரத்துக்குப் போயின. பாடம்தான். ஆனால், கட்டிய ஃபீஸ் நாலு உயிர்.

அவர்கள் யார்? ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புந்தீர். ஃப்ளைட் லெப்டினன்ட் முகிலன். சார்ஜென்ட் பிரசாத். சார்ஜென்ட் ராஜ் கிஷோர் சாஹு.

இரண்டாவது பெயரை இன்னொரு முறை படியுங்கள். முகிலன்! அச்சு அசலான தமிழ்ப் பெயர். கார்கில் என்றதும் மே 29-ல் படாலிக் பகுதியில் உயிர்விட்ட திருச்சி மேஜர் சரவணன் நம் நினைவுக்கு வருகிறார். நியாயம்தான். அதற்கு முதல் நாள் போன முகிலனை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கந்தக பூமிக்கு இந்த வலி புரியும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து, சுமார் 40 பேர் இறந்தார்கள். நமக்கு அந்த எண்ணிக்கை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. பெயர்கள் அவரவர் வீட்டுச் சுவரில் மாலை போட்ட போட்டோவுக்குக் கீழே நின்றுவிட்டன. நெருப்பு ஒரு நொடியில் ஆளைக் கொண்டுபோகிறது. பெயரைக் கொண்டுபோவது நம் மறதி.

விமானப்படை மறக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில், 152-வது பிரிவின் தாய்வீடான சர்சாவா தளத்தில், 2019 மே 28 அன்று ஹெலிகாப்டர்கள் அணிவகுத்துப் பறந்தன. நடுவே ஓர் இடத்தைக் காலியாக விட்டு! இறந்தவர்களுக்கு விமானப்படை செய்யும் மரியாதை அது. 'இது உங்கள் இடம், இதை யாருக்கும் தரமாட்டோம்' என்று அர்த்தம்.

அடுத்த தீபாவளிக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மத்தாப்பைக் கொளுத்தும்போது அந்த வெள்ளை வெளிச்சத்தைக் காட்டி, இந்த நாலு பெயர்களையும் சொல்லிக் கொடுங்களேன்!